மூன்று பொத்தான் பேட்டரிகள்

மேஜை இழுப்பறையை மகள் இழுத்த வேகத்தில் அது மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அளவு நாடா, பென்சில்கள், போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்து அப்பா உறைகூடப் பிரிக்காத வண்ணத்திரை கால்குலேட்டர், எல்லாம் தரையில் சிதறின. தேடியது அடியில் இருந்தது, கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி.

பிரித்தாள். அப்பாவின் பழைய கால்குலேட்டர். சர்வேயராக அவர் வெயிலில் அலைந்த காலமெல்லாம் சட்டைப்பையில் கிடந்தது. கூடவே ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பேட்டரிகள். மேலே பொடி எழுத்தில் இன்றைய தேதி.

யார் எழுத்தென்று கேட்க வேண்டியதில்லை. அந்த ஆள் கூடத்தில், கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பழைய கால்குலேட்டர் சேர்க்கும் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புதுசா வர்றதெல்லாம் அமுக்கினா ரொட்டியை அமுக்கற மாதிரி இருக்குப்பா. இவனோடதுல ஒரு 'டக்' இருக்கும் பாரு. அது எதுலயும் வராது."

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க."

கடிகாரக்கடை மாமா வந்தார். பொட்டலத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதை யாரு எடுக்கச் சொன்னா?"

"காலையில நான்தாம்மா எடுத்தேன். உள்ளயே விட்டா கசிஞ்சு எல்லாத்தையும் தின்னுடும். எங்க கூட்டத்துல யாரு போனாலும் மத்தவங்க மொதல்ல இதைத்தான் செய்வோம். அது ஒரு மரியாதை."

"மரியாதை," என்றாள் அவள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வாய் போயிற்று, வலது கை போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். அதன் கட்டை விரலால் இந்தக் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டித்தான் அவர் பேசினார். பத்துக்கு எவ்வளவு வலிக்கிறதென்று நர்ஸ் கேட்டால் ஏழு தட்டுவார். மகள் எத்தனை மணிக்கு வர வேண்டுமென்று தட்டுவார். கடைசி மாலை வெகு நேரம் எதையோ தட்டித் தட்டி, அவள் பக்கம் தூக்கிக் காட்டினார். அதற்குச் சற்று முன்புதான் மாத்திரையை அவள் மேலேயே துப்பியிருந்தார். "வாய் போயும் இந்தப் பெட்டி மட்டும் போகல," என்று பிடுங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் கட்டில் கம்பியில் இரண்டு தரம் அடித்தார். விடிவதற்குள் போய்விட்டார். பையை அத்தைதான் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமானை இந்த இழுப்பறையில் கொட்டினாள்.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

மாமாவின் முகம் அப்போதுதான் மாறியது. "இல்லம்மா. பின்பக்க மூடியைத்தான் தொறந்தேன். கசிஞ்சிருக்கான்னுதான் பாத்தேன்."

"அணைச்சாலும் போட்ட நம்பர் அழியாதுன்னு ஞாயித்துக்கிழமை தவறாம உக்காந்து பீத்திக்குவீங்களே, எல்லாரும். அந்தக் கைதான் இதைச் செஞ்சுதா? வீட்டுல அவர் பேசினதைவிட உங்க கடையில பேசினதுதான் ஜாஸ்தி. நாங்க ஒரு நாளாவது வந்து கேட்டோமா? கடைசியா ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு அடிச்சு வெச்சிருந்தார். அதையும் தொடைச்சு எடுத்துட்டீங்க. துணியெல்லாம் சுத்தி, தேதியெல்லாம் போட்டு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பழக்கம் விடாமல், "பேட்டரியை எடுத்தாலும் நம்பர் கொஞ்ச நேரம் தாங்கும். இப்ப நாலு மணி நேரம் ஆச்சே," என்றார்.

"வியாக்கியானம் வேண்டாம் மாமா. நல்லா வந்துடும் வாயில."

அவர் திட்டை வாங்கிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார், குத்திக்காட்ட அல்ல, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான்.

"நீ பாத்திருப்பியேம்மா. என்ன போட்டிருந்தான்?"

மகள் தரையில் உட்கார்ந்தாள். பிடுங்கியபோது அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"வண்டி வந்துடுச்சு. பொண்ணு எங்க?" அத்தையின் குரல் கூடத்திலிருந்து வந்தது.

பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். மாமா கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. மூன்றாவது உட்கார மறுத்தது.

"திருப்பிப் போடும்மா."

திருப்பிப் போட்டாள். மூடினாள். ஆன் பொத்தானை அமுக்கினாள். திரையில், எதுவுமே போட்டிராததுபோல, ஒரு பூஜ்யமும் ஒரு புள்ளியும், அதன் பின்னால் நான்கு பூஜ்யங்களும் வந்து நின்றன.

"வா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க." அத்தை வாசற்படியில் வந்து நின்று, இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

தொடாமல் விட்டால் சில நிமிஷத்தில் தானாகவே அணைந்துவிடும் வகை அது. அணைந்தது. கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளும் சத்தம் கேட்டது. மாமா கதவருகே அப்படியே நின்றார்.

அவள் மறுபடி அமுக்கினாள். டக் என்றது.