எந்தச் சுத்து

பிளாரன்சுக்கு லேசில் கோபம் வராது. வந்துவிட்டால் காது இரண்டும் சிவந்து, பேச்சு சுருங்கிவிடும். அன்று காலை மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியில் அவள் காது பழமிளகாய் நிறத்துக்கு வந்தது. வராதா பின்னே? நான் அங்கே நின்றிருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

கிட்டங்கி சிவபாலன் அண்ணாச்சியுடையது. ஊருக்குள் மூன்று இரும்புக் கடை வைத்திருக்கும் மனிதர். அடுத்த ஜனவரியில் நடக்கவிருந்த விமானப் பந்தயத்தில் மகள் ஜெயபிரியா ஓட்டுவதற்கென்று ஒற்றை ஆள் விமானம் ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார். உடம்பு, இறக்கை, வால் எல்லாம் முடிந்துவிட்டன. மூக்கில் எந்த எஞ்சினை வைப்பது என்பது மட்டும் பாக்கி.

பெங்களூரிலிருந்து வந்த ரெக்சன் விமான எஞ்சின் விற்கிறவன். அவன் கொண்டுவந்தது பெரிய சரக்கு. இரண்டு பக்கமும் மும்மூன்று சிலிண்டர் அகலமாகப் படுத்திருக்கும். கியர்பாக்ஸும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. காற்றே அதைக் குளிரவைத்துவிடும். பிளாரன்ஸ் கொண்டுவந்ததோ கார் எஞ்சின். அளவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பி.இ. முடித்துவிட்டுத் தம்பி செபாஸ்டினுடன் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பட்டறை நடத்துகிற அவள், டர்போ வைத்து, பிஸ்டன் மாற்றி, தானே கியர் வெட்டிப் பொருத்தி, இரண்டு வருஷமாக அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். பெரிய எஞ்சின் நிதானமாகச் சுற்றி எடுக்கும் பலத்தைச் சின்ன எஞ்சின் வேகமாகச் சுற்றி எடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அது ஆகாயத்தில் ஏறுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

முந்தின வாரம் அண்ணாச்சி போன் செய்திருந்தார்.

“ரெண்டு எஞ்சினையும் நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூறு சுத்துல ஓட்டிப் பாப்போம். எது கூட இழுக்குதோ அது ஏறட்டும். சம்மதமாம்மா?”

“சம்மதம் அண்ணாச்சி.”

யோசிக்கவே இல்லை அவள். கடற்கரையில் சுத்து என்றால் காத்தாடியின், அதாவது புரொப்பல்லரின், சுத்துதான். லாரி எஞ்சினை வள்ளத்தில் ஏற்றுகிற பட்டறையில் வேறு அர்த்தமே கிடையாது. எஞ்சின் உள்ளே எத்தனை ஆட்டம் போட்டால் கடலுக்கு என்ன? கியர்பாக்ஸைத் தாண்டி வெளியே காத்தாடி எத்தனை சுற்றுகிறது, அதுதான் கேள்வி. பிளாரன்சின் கார் எஞ்சின் ஐயாயிரத்து நானூறு சுற்றும்போது காத்தாடி ரெண்டாயிரத்து எழுநூறு சுற்றும். கணக்கு கச்சிதம். நியாயமான மனுஷன் என்று தம்பியிடம் பெருமையாக வேறு சொன்னாள்.

சோதனை எளிதானது. எஞ்சினைச் சக்கர வண்டியில் வைத்து, பின்னால் சங்கிலி போட்டு, நடுவில் தராசைக் கோத்துத் தூணில் கட்டிவிடுவது. காத்தாடி எவ்வளவு இழுக்கிறதோ அதைத் தராசு முள் சொல்லிவிடும். பெரிய எஞ்சின் முதலில் ஓடியது. முள்ளுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயபிரியா, “நானூறு கிலோ!” என்று கத்தினாள். வந்திருந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். ரெக்சன் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான்.

அடுத்து பிளாரன்ஸ். எஞ்சின் ஒரே தட்டில் எழும்பியது. மெல்ல ஏற்றினாள். ஆயிரத்து ஐநூறு. இரண்டாயிரம். எஞ்சினின் மீட்டர் ரெண்டாயிரத்து எழுநூற்றைத் தொட்டதும் ரெக்சன் கையைத் தூக்கிவிட்டான்.

“அவ்வளவுதான் மேடம். அங்கேயே நிறுத்துங்க.”

காத்தாடி அப்போது பாதி வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தூக்கமே கலையவில்லை அதற்கு. முள் நூற்றைந்து கிலோவில் நின்றது.

“நூத்தி அஞ்சு,” என்றாள் ஜெயபிரியா, குரல் இறங்கி.

“வண்டி எஞ்சினை வண்டியில வைக்கணும் சார்,” என்று ரெக்சன் சொல்ல, பத்திரிகைக்காரர் ஒருவர் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணாச்சி அவர்களைத் தோளில் தட்டி, “டிபன் ஆறிப் போவும், போய்ச் சாப்பிடுங்க” என்று அலுவலக அறைக்கு அனுப்பிவைத்துவிட்டார்.

பிளாரன்ஸ் எஞ்சினை ஓடவிட்டபடியே சக்கர வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

“அண்ணாச்சி, இது என்ன ஞாயம்? சுத்துன்னா காத்தாடி சுத்துதானே?”

“எஞ்சின்னுதான சொன்னேன். ரெண்டுக்கும் ஒரே அளவு. இதுல என்ன ஓரவஞ்சனையக் கண்ட?”

“அவரு எஞ்சின்ல கியர் இல்ல. எஞ்சின் சுத்தும் காத்தாடி சுத்தும் அவருக்கு ஒண்ணுதான். எனக்குப் பாதியில காலைக் கட்டிட்டு ஓடச் சொல்லுதீங்க.”

“நீதாம்மா சம்மதிச்ச.”

காது சிவந்தது. பேச்சு சின்னதானது.

“சரி. ஒரே அளவுன்னா ஒரே அளவாவே இருக்கட்டும். என் எஞ்சின் ஐயாயிரத்து நானூறு சுத்தும். ரெக்சன் சாரும் அவரு எஞ்சினை ஐயாயிரத்து நானூறுல ஓட்டட்டும்.”

“ஐயோ, அது தாங்காது மேடம்! ராடு முறிஞ்சு வெளிய வந்துரும்!”

“அப்போ ஒங்க எஞ்சினை அதோட சுத்துல ஓட்டணும். எங்க எஞ்சினையும் ஒங்க எஞ்சின் சுத்துலதான் ஓட்டணுமாக்கும்?”

ரெக்சன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கிட்டங்கியின் கூரையைப் பார்த்தார். அங்கே என்ன எழுதியிருந்ததோ!

தோற்பதில் பிளாரன்சுக்கு வெட்கம் இல்லை. பெரிய எஞ்சின் மட்டமானது என்றும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மணிக்கணக்காக அலுக்காமல் ஓடும், கெட்டுப்போக அதில் சாமான் குறைவு, அதெல்லாம் அவளுக்கும் தெரியும். முழு மூச்சில் ஓடித் தோற்றிருந்தால் ரெக்சனுக்குக் கைகொடுத்துவிட்டு வண்டியேறியிருப்பாள். ஓடவே விடாமல் தோற்றுவிட்டாய் என்றால் எந்த மனுஷிக்குத்தான் வயிறு எரியாது?

“ஏலே செபாஸ்டின், சங்கிலியப் பாத்துக்க,” என்றாள். திரும்பிப் போய், வேகம் கூட்டும் திராட்டிலைக் கடைசிவரை தள்ளினாள்.

கிட்டங்கியின் தகரச் சுவர் அதிர்ந்தது. தரையில் மிச்சமிருந்த உப்பெல்லாம் வெள்ளையாக எழுந்து பறந்தது. முன்னூறு என்று கத்தினாள் ஜெயபிரியா. முன்னூற்று எண்பது. முள் சாக்பீஸ் கோட்டைத் தொட்டது, தாண்டியது, நானூற்று இருபதில் போய் நின்றது. “அப்பா! நானூத்தி இருவது!” என்று அந்தப் பெண் குதித்தேவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடச் சரிதான். காத்தாடிக் காற்று பின்சுவர் வரைக்கும் அடித்து, மூலையில் எதையோ போர்த்தியிருந்த தார்ப்பாயைச் சுருட்டி எறிந்தது. உள்ளே விமானத்தின் மூக்கு மூடி இருந்தது. பெயிண்ட் அடித்து, பளபளவென்று, இரண்டு கன்னமும் உப்பலாக. பக்கத்துக்கு மூன்று சிலிண்டர் படுத்துக்கொள்ள அளவெடுத்துச் செய்த கன்னம். கார் எஞ்சினுக்குக் கன்னம் தேவையே இல்லை. அது ஒல்லியாக நிமிர்ந்து நிற்பது.

பிளாரன்ஸ் எஞ்சினை அணைத்தாள். காதுக்குள் இரைச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இதை எப்போ செஞ்சீங்க அண்ணாச்சி?”

அவர் சுருண்டு கிடந்த தார்ப்பாயை எடுக்கக் குனிந்தார். ஜெயபிரியாதான் மூடியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரு மாசத்து வேலையாச்சேப்பா இது?” என்றாள்.

ஒரு மாதம்! அப்படியானால் போன வாரத்துப் போன் எதற்கு? சம்மதமா சம்மதமா என்று தேன் தடவிக் கேட்டது எதற்கு? பத்திரிகையில் போடுவதற்கு ஒரு தோற்ற எஞ்சின் வேண்டியிருந்தது. அதற்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

“கோவப்படாதம்மா. ஒன் எஞ்சின் கூடத்தான் இழுக்கு, கண்ணால பாத்துட்டேன். ஆனா கார் எஞ்சின் போட்ட விமானம்னு பேப்பர்ல வந்தா நம்ம கடைப் பேரு என்னாவும்? பாத்தது நமக்குள்ளயே இருக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, இன்னும் குழைவாக, “பெரிய எஞ்சினைத் தாங்குத குழாய்க்கூட்டை வெல்டிங் பண்ண ஒன்ன விட்டா ஊர்ல யாரு இருக்கா? ரெக்சனும் நாளைக்கு இருப்பாரு. காலையில வந்துருவியா?” என்றார்.

நெஞ்சழுத்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பிளாரன்ஸ் அவரை நேராகப் பார்த்தாள். தம்பியும் அவளும் எஞ்சினை மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஏறி உட்காரும் முன் திரும்பி, “வாரேன் அண்ணாச்சி,” என்றாள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வாரேன்னு சொல்லிட்டியேக்கா! ஒனக்கு மானம் ரோசம் ஒண்ணும் இல்லையா?” என்று வழி முழுக்கச் செபாஸ்டின் பொருமினான்.

மறுநாள் வெயில் ஏறின பிறகு பட்டறையில் போன் அடித்தது.

“என்னம்மா, ஆளையே காணோம்? ரெக்சன் காத்துக்கிட்டு நிக்காரு. வாரேன்னுதான சொன்ன?”

“சொன்னேன் அண்ணாச்சி. பொறப்படுதவங்க போறேன்னா சொல்லுவாங்க? வாரேன்னுதானே சொல்லணும்.”

“இது என்ன பேச்சு? நான் நெசமாவே வருவன்னுல்ல நெனச்சேன்.”

“நீங்க எந்தச் சுத்துன்னு நான் கேக்கல. நான் எந்த வாரேன்னு நீங்க கேக்கல,” என்று சொல்லிவிட்டுப் பிளாரன்ஸ் போனை வைத்தாள்.