பகலவனின் எண்

"14-9-2007, வெள்ளி. தவறு என்னுடையதுதான். நான்கு நாளாகக் கேபிளைக் குறை சொன்னேன்."

நோட்டில் எழுதிவிட்டு நீலா பேனாவை மூடினாள். தவறு அது மட்டுமில்லை என்று தோன்ற, மறுபடி திறந்தாள்.

எம்.கே.பி. நகர் வீட்டில் அவளுடைய கணினிக்குத் தினமும் மாலை ஆறேகால் வாக்கில் இணையம் அறுந்துபோனது. மாலை வகுப்புக்குப் போகுமுன் இறங்கப் போட்டுவிட்டுப் போகும் பாடம், எட்டரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். அறுந்த நேரங்களைத் திரையில் பார்த்துக் குறித்து வைத்தாள்: 6.14, 6.11, 6.17. கேபிளின் தலையை வெட்டிப் புதிதாக மாட்டினாள். தன் கைதான் சரியில்லையோ என்று இன்னொரு முறையும் வெட்டினாள். நேற்றுத் திரையின் மூலையில் அறிவிப்பு வந்திருந்தது: இதே இணைய முகவரி எண்ணோடு இன்னொரு கணினி இந்த இணைப்பில் இருக்கிறது.

இன்று வகுப்பு தொடங்குமுன் அதைச் சொன்னதும், கூடப் படிக்கும் நசீர் சிரித்தான். "ஒரே கதவு நம்பர ரெண்டு வூட்டுக்கு எழுதிட்டு, போஸ்ட்மேன திட்டிகினு கீற நீ."

"வூட்ல ஓடுறது என்னுது ஒண்ணுதான்."

"மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது நீலா. போய்ப் பாரு, வேற யாரோ கீறாங்க."

வீட்டில் இன்னொன்று இருந்தது. உள்ளறையில், போர்வை மூடிய அண்ணனுடைய கணினி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடித்து அண்ணன் பகலவன் இறந்து ஏழு மாதமாகிறது. பத்தில் முடியும் எண்ணை அவன் தன் கணினிக்கு வைத்திருந்தான். இந்த வாரத் தொடக்கத்தில் தன் கணினியை இணைத்தபோது, புதிதாக ஓர் எண்ணைப் போட்டு ஏதாவது தவறிவிடுமோ என்ற பயத்தில், நீலா அதே எண்ணைத் தன்னுடையதற்கும் போட்டு, எண்களைக் குறித்திருந்த நோட்டில் அவன் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டாள். சும்மா கிடக்கிற அந்தக் கணினியை விற்றுவிடலாம் என்றதும் அவள்தான். "உன் இஷ்டம்" என்றாள் அம்மா குப்பம்மா. நாளைக் காலை, பழைய கணினி வாங்கும் வண்ணாரப்பேட்டை ரஹீம் அண்ணன் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

வகுப்புக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பினாள். உள்ளறையில் போர்வை மடித்து வைத்திருந்தது. கணினியின் விசிறி கரகரக்க, திரை கடவுச்சொல் கேட்டு நின்றிருந்தது. அதைப் பார்க்க அங்கே யாருமில்லை. குப்பம்மா அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கிளாஸுக்கு மட்டமா?"

"அத்த நீயாம்மா போடுற?"

"பட்டன அமுக்கறது இன்னா பெரிய வித்தையா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவன் வேலையிலேந்து வந்ததும் அத்தத்தான் போடுவான். கர்ர்னு சத்தம் கேக்கும். அப்பாலதான் நான் டீ வெப்பேன். இப்போ அந்த சத்தம் இல்லாம அடுப்பாண்ட நிக்க முடில. நீ வர்றதுக்குள்ள நிறுத்திடுவேன்."

"விக்கலாம்னப்போ சொல்றதுக்கு இன்னா?"

"நீ படிக்கிற பொண்ணு. எடத்த அடைச்சிகினு கீதுன்ன. நான் இன்னாத்த சொல்றது?"

தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. குப்பம்மா தூள் டப்பாவைக் கையில் வைத்தபடி நின்றாள். நீலா போய் அதை வாங்கித் தூளைப் போட்டாள்.

நோட்டில் அடித்த பெயரை இப்போது அழித்துத் திருத்த வழியில்லை. பத்துக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், சின்ன எழுத்தில், பகலவன் என்று மறுபடி எழுதினாள். அண்ணன் கணினியின் விசிறியில் தூசு, துடைத்தால் சத்தம் குறையும் என்று ஒரு வரி எழுதி, உடனே அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்:

"நாளை காலை ஏழு மணிக்கு ரஹீம் அண்ணனுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு என் கணினிக்குப் பதினொன்று போட வேண்டும்."