வெட்டுக்கோடு சுற்றிய பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உம்மா சொன்னால் கோபம் வரும். இப்போது நானே சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் காத்தான்குடியில், வாவிப் பக்கமாக இருக்கிறது. ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். வள்ளத்தின் உடம்பைக் கணினியில் வளைபரப்பாக வரைந்து, மீன்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் வேண்டிய இடங்களை அதில் வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டுக்கோடுகளைப் போடுவது திவாகரன். களுதாவளை ஊர்ப் பிள்ளை. தகப்பனுக்குச் சுகமில்லை என்று கொழும்பு வேலையை விட்டு ஊரோடு வந்தவன். தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தோம். மென்பொருளை வாங்க இருந்த ஓட்டமாவடி அப்துல் கபூர் ஹாஜியாருக்குக் காட்டும் அன்று எல்லாம் சரியாக ஓடினால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்று முதலாளி நல்லரத்தினம் சேர் சொல்லியிருந்தார்.

வெட்டுவது என்றால் கத்தி வைத்து அறுப்பதல்ல. பரப்பின்மேல் ஒரு கோடு புறப்பட்டு, சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்துத்தான், உள்ளே இருப்பதை வைப்பதா எறிவதா என்று கணினி முடிவெடுக்கும். வள்ளத்தின் வெளிவிளிம்பு ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும், ஓட்டைகள் எதிர்ப்பக்கமாக. இதைத் திவாகரனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். கடிகார முள்ளைச் சொல்லியிருக்கலாம். நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே!

"வணக்கத்துக்குச் சுத்துவாங்களே, அந்தப் பக்கமா வெளிவிளிம்பச் சுத்துங்க தம்பி. ஓட்டையெல்லாம் அதுக்கு மாத்தி."

"ஓம் அக்கா, விளங்கிற்று" என்றான்.

அவன் தன்னுடையதைத் தனியாக ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் வந்தது. எதை வைப்பது எதை எறிவது என்று தீர்மானிக்கும் பகுதி என்னுடையது. இரண்டையும் நான் சேர்த்தது ஹாஜியார் வந்த அன்று காலையில்தான். சேர்த்ததை ஒரு தரமாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் பகுதியில் பிழை வராது என்ற திமிர்.

ஹாஜியார் முன்னால் பொத்தானை அழுத்தினேன். வள்ளம் மறைந்துவிட்டது. வெட்டி எறிய வேண்டிய துண்டுகள் மட்டும், மீன்பெட்டி மூடியும் எஞ்சின் மூடியும் போல, அந்தரத்தில் நின்றன.

"வள்ளம் எங்க மகள்? மூடியிலயா நான் கடலுக்குப் போற?"

அறையே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எத்தின தரம் சொல்லித் தந்தன் தம்பி? சுத்துற பக்கம் தெரியாத ஆளுக்கு இந்த வேல என்னத்துக்கு?"

எல்லோர் முன்னாலும் கத்தினேன். திவாகரன் திரையில் நின்ற மூடிகளைப் பார்த்தான். பிறகு, "மன்னிச்சிருங்க சேர்" என்றான். சேர் அவன் முகத்தைப் பார்க்காமலே, "இந்த மாதத்தோட நிப்பாட்டுவம்" என்றுவிட்டு ஹாஜியாரைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார்.

நான் அவனுடைய கோடுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றிரண்டல்ல, அத்தனையும் எதிர்ப்பக்கம். எல்லாம் ஒரே ஒழுங்காக எதிர்ப்பக்கம். தெரியாதவன் இப்படிப் பிழை விடமாட்டான்.

"ஏன் தம்பி எல்லாத்தையும் இப்படிச் சுத்தின?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் அக்கா." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். "பிள்ளையாரை இந்தப் பக்கமாத்தானே சுத்திக் கிறுகி வருவம்."

கடிகார முள் போகும் பக்கம். நான் நினைத்துச் சொன்னது கஃபாவை. வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் அனுப்பிய வீடியோவில் சனம் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றியது. உலகத்தில் வணங்குகிற எல்லோரும் எங்களைப் போலவே சுற்றுவார்கள் என்று இத்தனை வயது வரை நினைத்திருக்கிறேன். களுதாவளைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி எத்தனை முறை கல்முனைக்குப் பஸ்ஸில் போயிருப்பேன்! சீ, என்ன மனுசி நான் என்றிருந்தது.

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"ஹாஜியாருக்கு முன்னால எப்படியக்கா? கோயில், பள்ளிவாசலெண்டு கதை எங்கயோ போயிரும். பிறகு உங்களுக்குத்தானே வெக்கம்."

எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று அவன் தன் வேலையையே விட்டுக்கொடுத்திருக்கிறான்.

சேரின் அறையில் ஹாஜியார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று கதவடியில் நின்றேன். "என்ன மகள்?" என்று அவர் கேட்டதும், "ஒண்டுமில்ல" என்பது வாய்வரை வந்துவிட்டது. திவாகரனை ஏசும்போது நான் யார் போகும்வரைக்கும் காத்திருந்தேன்? உள்ளே போய்ச் சொன்னேன். சொல்லிக் கொடுத்ததும் என் பிழை, ஓட்டிப் பார்க்காததும் என் பிழை என்றேன்.

சேர் சிரித்துவிட்டார். "இதென்ன நிஸ்மியா, பெரிய விசயமா? ஆருக்கும் வாறதுதானே. திருத்தி விடுங்க."

"தம்பிட வேல?"

"சரி, அவர் இருக்கட்டும்."

அதே பிழை அவன் தலையில் இருந்தபோது வேலை போனது. என் தலைக்கு மாறியதும் ஆருக்கும் வருவதாகிவிட்டது. சந்தோசப்படத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே முடியவில்லை.

வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்க, "தம்பி, பிழை என்ட, உங்கட இல்ல. மன்னிச்சிருங்க" என்றேன். "பரவால்ல அக்கா" என்று சொல்லிவிட்டு, கோடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினான்.

திவாகரன் இப்போது நிரந்தரம். ஆனால் நான் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு, ஒரு தாளை என் பக்கம் தள்ளுகிறான்.

"ஒருக்கா வரைஞ்சு காட்டுங்க அக்கா."

குரலில் கோபம் கிடையாது. கோபம் இருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன். அம்புக்குறி போட்டு வரைந்து கொடுக்கிறேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம்தானே?" என்று இன்னொரு முறை கேட்கிறான்.