படத்தில் நூற்றவள்

தனக்கென்று ஒரு போர்வை வேண்டும் என்பது சின்ன மருமகளின் ஆசை. வீட்டில் நூல் நூற்பவள் அவள் ஒருத்திதான். ஆனால் நூல் தறிக்குப் போய்த் துணியாகத் திரும்பியதும், மாமனாருக்கு மேலங்கி, கணவனுக்குச் சட்டை என்று ஆளுக்கொரு பக்கம் பங்கு போய்விடும். போன குளிருக்கு அவள் கிழிசலைத்தான் இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்த முறை மாமியாரே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள், கூடை நிறைந்தால் அந்த நூல் அவளுக்குத்தான் என்று. கூடையும் ஏறக்குறைய நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓவியர் வந்து சேர்ந்தார். எதிர்வீட்டு வியாபாரி, தன் மனைவி கையில் புத்தகத்தோடு இருப்பதுபோல் படம் எழுதவைத்து மாட்டியிருந்தான். அந்த அம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இருந்தும் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டுப் பெண் உழைப்பே உருவாக ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். அதற்குப் பெரிய மருமகள்தான் பொருத்தம். முகத்தில் களை உண்டு, கழுத்தில் நகையும் உண்டு.

ராட்டையும் நூல் கூடையும் கூடத்துக்குப் போயின. படம் முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்பது ஓவியரின் உத்தரவு. பெரியவள் சக்கரத்தைச் சுற்றினால் நூல் அறும். சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஒட்டிக் கொடுப்பாள். திரும்பிப் போவதற்குள் மறுபடி அறும்.

"அக்கா, சுத்தாம சும்மாதான் உட்காருங்களேன்."

"சும்மா உட்கார்ந்தா உழைக்கிற மாதிரி இருக்குமாடி?"

ஓவியருக்கே அலுத்துப்போனது. பெரியவள் பஞ்சைப் பிடித்த பிடி, செத்த எலியை வாலில் தூக்கியதுபோல் இருந்தது. கைகளுக்கு மட்டும் சின்னவளை உட்கார வைத்தார். நிமிர வேண்டாம், முகம் தேவைப்படாது என்று மரியாதையாகவே சொன்னார்.

படம் கூடத்தில் ஏறியது. வந்தவர்களெல்லாம் பெரியவளின் உழைப்பை மெச்சினார்கள். மெச்ச மெச்ச அவளுக்கே தோள் வலித்தது. தைலம் தேய்க்கச் சின்னவளைக் கூப்பிட்டாள்.

கூடை தறிக்குக் கிளம்பிய அன்று, போர்வைக்குப் பெரியவள் சொன்ன நிறத்தில் கரை போடும்படி மாமியார் கூடை தூக்க வந்த ஆளிடம் சொல்வது சின்னவள் காதில் விழுந்தது.

"அத்தை, அது நான் நூத்தது."

மாமியார் படத்தைக் காட்டினாள். "ஊரே பார்த்துட்டுப் போச்சு. கூடை யார் பக்கத்துல இருக்கு?"

"அந்தக் கையைப் பாருங்க. அது என்னோடது."

மாமியார் கிட்டே போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "இருக்கட்டுமே. முகம் யாரோடது?"

கூடை வாசலைத் தாண்டிப் போயிற்று. சின்னவள் உள்ளே போய்ப் பஞ்சு மூட்டையை இழுத்துவந்து பெரியவளின் காலடியில் போட்டாள்.

"இனிமே இதையும் அந்த முகமே நூக்கட்டும்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமியார் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள், பார்க்க யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள்.