சாப்பாட்டுக் கூடத்து ஸ்பீக்கர்

டாக்குரியாவில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். புதிதாக வாங்கிய மைக் செட்டைப் பற்றியே செயலாளர் வெங்கடநாராயணன் காலை முழுக்கப் பிரசங்கம் செய்தார். "மைக்ல போறது இன்புட், ஸ்பீக்கர்ல வரது அவுட்புட்" என்று வேத ரகசியம்போல் விளக்கினார். பசி தாங்காமல் எழுந்து போகிறவர்களும் தன் பேச்சிலிருந்து தப்பக்கூடாதென்று, சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக ஒயர் இழுத்து ஒரு ஸ்பீக்கர் மாட்டச் சொன்னவரும் அவர்தான்.

சாப்பாடு முடிந்ததும் தேர்தல். செயலாளர் நாற்காலி இல்லாத வாழ்க்கையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மேடை ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டு, சட்டையில் குத்திய மைக்கோடு பின்னறைக்கு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பந்தி இரைச்சல் காதைப் பிளந்தது.

"இந்தத் தடவையும் ஜெயிச்சுடுவேளா?" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"ஒரு கரண்டி பாயசம் ஜாஸ்தி விட்டா கையைத் தூக்கற கூட்டம்டீ இது! தலைவர் மஹாதேவன் இருக்காரே, கொலுவுல வைக்கற மரப்பாச்சி."

இரைச்சல் மெல்லக் குறைந்தது. கரண்டிச் சத்தம் நின்றது. குழந்தைகள்கூட அடங்கின.

"ஏன்னா, ஏன் எல்லாரும் திடீர்னு வாயை மூடிண்டுட்டா?"

"பாயசம் வந்திருக்கும்."

அந்த நிசப்தத்தில்தான் அவருக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய குரலே, அவரைவிடப் பெரிதாக, பாயசம் வந்திருக்கும் என்றது.

அவர் சட்டை மைக்கைக் கையால் பொத்தினார். அங்கே நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.