வெள்ளையாகாத கூடம்

மாதா திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஜீவனஹள்ளியை ஒட்டிய அந்தச் சந்து முழுவதையும் சாயங்காலம் ஆறரை மணிக்கு இருட்டில் தள்ளியவர் ஓஸ்வால்டு. தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபியின் முன்னால் உபதேசியார் செபமாலையின் நான்காவது பத்தில் இருந்தார். கம்பத்தில் டப்பென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, அவ்வளவுதான். மாதாவின் தலையைச் சுற்றி எரிந்த பன்னிரண்டு பல்புகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. பெண்கள் இருட்டிலேயே செபத்தைத் தொடர்ந்தார்கள். உபதேசியார் மட்டும் ஐந்தாவது பத்தை விட்டுவிட்டு நேராக முடிவுப் பாட்டுக்குப் போய்விட்டார்.

எந்த வீட்டுக் கோளாறு என்று லைன்மேன் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஓஸ்வால்டின் ஜன்னலிலிருந்து மட்டும்தான் புகை வந்துகொண்டிருந்தது. வாசலில் வலது புருவம் பாதியாகக் கருகிய ஒரு மனிதர் நின்று, என்ன ஆயிற்று என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன லைன்மேன், ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனுக்குச் செம்புக் கம்பி முறுக்கியிருப்பதையும், கூரையிலிருந்து இரண்டு ஐந்நூறு வாட் பல்புகள் தொங்குவதையும் பார்த்தார். சுவர்களையும் பார்த்தார். சுவர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்காததுதான் ஓஸ்வால்டுக்குச் சங்கடமாக இருந்தது. இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

பல்புகள் டாக்கீஸினுடையவை. ஓஸ்வால்டு கன்டோன்மென்டில் ஒரு டாக்கீஸின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். போன வருஷம், அதாவது முப்பத்தேழில், ஒரு தமிழ்ப் படம் அங்கே ஆறு வாரம் ஓடியது. அதில் பணக்காரர் வீட்டுக் கூடம் ஒன்று வரும். பாலைப் போல வெள்ளைச் சுவர், வளைந்து மேலே போகும் மாடிப்படி, பட்டுக் குடை போட்டுத் தரையில் நிற்கும் உயர விளக்கு. விளக்கைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் விழும். அந்த வட்டத்துக்குள் கதாநாயகி வந்து நின்றால் ஒன்பதணா வகுப்பில் இருமல்கூட நின்றுவிடும். ஓஸ்வால்டு அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். இரண்டாம் வாரம் மனைவி நோராவைக் கூட்டிப்போனார். படம் முடிந்து நடந்து வரும்போது அவள், அந்த மாதிரி வீட்டில் ஒரு நாள் இருந்தாலே போதும் என்றாள். ஓஸ்வால்டு உடனே, அவ்வளவு பெரிய கூடத்தை யார் பெருக்குவது என்று கேட்டார். அவள் சிரித்தாள். ஓஸ்வால்டின் பதினோரு வருஷ இல்வாழ்க்கையை அப்படித்தான் சொல்ல வேண்டும்: அவள் ஏதாவது சொல்வாள், அவர் ஒன்று சொல்வார், அவள் சிரிப்பாள்.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா பியாட்ரிஸ் வீட்டுக்குப் போனாள் நோரா. திரும்பவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சண்டை இருந்திருந்தாலாவது சமாதானம் பேசலாம். இல்லாத சண்டைக்கு யாரைத் தூது அனுப்புவது?

ஓஸ்வால்டு கேட்காமல் இல்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பியாட்ரிஸைப் பிடித்துக்கொள்வார். அக்கா, நோரா எப்போது வருவாள்? பியாட்ரிஸ் ஒரு வாரம் வெயிலைப் பற்றிப் பேசினாள். இன்னொரு வாரம் ஆண்டவர் சித்தம் என்றாள். அப்புறம் அவள் மனசு அவளுக்கே தெரியவில்லை என்றாள். பங்குச் சாமியாரிடம் போனார், அவர் செபம் பண்ணு என்றார். நோராவையே ஒரு நாள் வழியில் பார்த்து, உனக்காக வீட்டில் பல்லியெல்லாம் பட்டினி கிடக்கிறது என்றார். அது கேள்வி இல்லைதான். அவளும் பதில் சொல்லவில்லை.

கடைசியில், வீடுதான் குறை என்று முடிவு செய்தார். வீட்டை மாற்றலாம், தன்னை மாற்றுவதைவிட அது சுலபம், ஆணி இருந்தால் போதும்.

தேயிலை வந்திறங்கும் பெரிய மர டீப்பெட்டிகளை அடுக்கி, பலகை அடித்து, வளைந்த மாடிப்படி ஒன்றைக் கட்டினார். எட்டுப் படி. ஒன்பதாவது படிக்குப் போனால் ஓட்டில் தலை இடிக்கும், ஆகவே எட்டோடு நிறுத்தினார். தொப்பி மாட்டும் கட்டையை நிற்கும் விளக்காக்கி, தன் கல்யாணக் கோட்டின் பட்டு உள்துணியைக் கிழித்து அதற்குக் குடை தைத்தார். வாசலிலிருந்து இரண்டடி உள்ளே, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் படி மேலே மேலே போவது போல இருக்கும். அந்த இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சிலுவை போட்டார்.

சுவர் பாக்கி. அதற்காகத்தான் ஸ்ரீகண்டனைத் தேடிப் போனார். ஸ்ரீகண்டன் ஊமைப்பட காலத்தில் ஒரு கம்பெனிக்கு ஸெட் வர்ணம் அடித்தவர். இப்போது சோடாக் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறார். அந்த மாதிரிப் படத்தில் வெள்ளைச் சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பார்கள் என்று ஓஸ்வால்டு கேட்டார். பச்சை கலந்த மஞ்சள் என்றார் ஸ்ரீகண்டன், எழுதிக்கொண்டிருந்த எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். எண்ணெயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

ஓஸ்வால்டு இரண்டு கோட் அடித்தார். கூடம், காமாலைக்காரரின் கண்ணுக்குள்ளே உட்கார்ந்திருப்பது போல ஆயிற்று. அவர் பயப்படவில்லை. எல்லாம் விளக்கில்தான் இருக்கிறது, ஸ்டூடியோவில் எவ்வளவு பெரிய விளக்கெல்லாம் வைக்கிறார்கள், வெளிச்சம் ஏற ஏறப் பச்சை வெளுத்து வெள்ளையாகும் என்று கணக்குப் போட்டார். நூறு வாட் போட்டார், பச்சையாக இருந்தது. இருநூறு போட்டார், இன்னும் பச்சையாக இருந்தது. ஃபியூஸ் போயிற்று, கம்பியைத் தடிமனாக்கினார். ஆயிரம் வாட்டில் சந்தே போயிற்று.

மறுநாள் ஸ்ரீகண்டனைக் கூட்டிவந்து காட்டினார். ஸ்ரீகண்டன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார், வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

“நெஜ வெள்ளை அடிச்சா கேமராவுக்குக் கண்ணு கூசும் சார். அதனால இதை அடிப்போம். ஃபிலிம்ல வெள்ளையா விழும். விளக்குனால இல்ல, ஃபிலிம்னால.”

“அப்ப விளக்கு போட்டா?”

“பச்சை இன்னும் பளிச்சுனு தெரியும்.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?”

“அந்தச் சுவத்துக்கு என்ன வர்ணம்னு கேட்டீங்க, சொன்னேன். குடித்தனம் பண்றதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லயே.”

எண்ணெய் வர்ணத்தின் மேல் சுண்ணாம்பு நிற்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும், பத்து நாளாகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஓஸ்வால்டிடம் பத்து நாள் இல்லை. ஏனென்றால் அன்று காலைதான் பியாட்ரிஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்: சனிக்கிழமை நாலு மணிக்கு நோரா வீட்டுக்கு வருவாள். எதற்கு என்று அதில் இல்லை. வீட்டுக்கு வருகிறவள் எதற்கு வருவாள்?

சனிக்கிழமை அவர் முகம் மழித்து, கருகிப்போன பாதிப் புருவத்தைக் கரிக்கட்டையால் நிரப்பினார். மின்சாரம் இல்லாததால் அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பட்டுக் குடைக்குள் வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். வெளிச்சம் தரையில் வட்டமாக விழவில்லை. ஒரு மாதிரி வழிந்தது. ஆனால் விழுந்தது.

நாலு மணிக்கு ஜட்கா வண்டி வந்து நின்றது. ஓஸ்வால்டு கணக்குப் போட்டார். இரண்டு தெரு தூரத்துக்கு ஜட்கா வைத்து வருகிறாள் என்றால், பெட்டி படுக்கையோடு வருகிறாள்.

நோரா மட்டும் இறங்கினாள். கையில் ஒன்றும் இல்லை. வண்டிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். சுண்ணக்கட்டிச் சிலுவையில் கொஞ்சம் நில் என்று ஓஸ்வால்டு கெஞ்சினார். அவளோ, கண் இருட்டுக்குப் பழகாமல், அதைத் தாண்டி விளக்கின் பக்கம் வந்து நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் டீப்பெட்டிகளின் முதுகுதான் தெரியும், கம்பெனி முத்திரையோடு.

அவள் சுவரைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். அவருடைய புருவத்தையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. ஓஸ்வால்டும் சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. காரியம் பலித்துவிட்டது என்றே நினைத்தார்.

“தையல் மெஷினை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேங்க,” என்றாள் நோரா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. “பியாட்ரிஸ் அக்கா சொல்லலயா?”

கான்வென்டில் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை தொடங்க வேண்டும் என்றாள். மெஷின் எங்கே?

மெஷின் படிக்குள்ளே இருந்தது. டீப்பெட்டி மட்டும் வைத்தால் நாலாவது படி ஆடியது. வீட்டில் கனமான பொருள் வேறு எதுவும் இல்லாததால் மெஷினை நடுவில் வைத்துத்தான் மேலே நாலு படி கட்டியிருந்தார். அதைச் சொன்னபோது அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

நோரா முந்தானையைச் செருகிக்கொண்டாள். இரண்டு பேரும் எட்டாவது படியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் ஆணி பிடுங்கினார், அவள் பலகையை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள். கட்டும்போது அவருக்கு உதவ யாருமில்லை. பிரிக்கும்போது வேலை எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று கவனித்தார். ஏழாவது படியில் ஒரு ஜோக் சொன்னார். ஆறாவதில் ஒன்று. அவள் இரண்டுக்கும் லேசாகச் சிரித்தாள், பழைய கடன்காரரைத் தெருவில் பார்த்தால் தலையசைப்பது போல.

அந்தப் படத்து வீடு மாதிரி வேண்டும் என்றாயே, அதற்காகத்தான் என்றார் ஓஸ்வால்டு.

நோரா பலகையைக் கீழே வைத்தாள்.

“வீடு எனக்கு ஞாபகமே இல்லீங்க. அந்தக் கூடத்துல கதாநாயகி பேசறா. பேசி முடிக்கிற வரைக்கும் அவன் அப்படியே நின்னு கேக்கறான். அதைத்தான் சொன்னேன்.”

அவன் அப்படி நிற்காவிட்டால் வெளிச்சத்தை விட்டு வெளியே போய்விடுவான், அதனால்தான் நின்றான் என்று ஓஸ்வால்டின் நாக்கு வரை வந்தது. நல்ல ஜோக். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு,” என்றாள் அவள், “உங்ககிட்ட ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சேன். நடுவுல நீங்க ஏதோ சொன்னீங்க, நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் சொல்லவே இல்ல.”

“என்ன சொல்ல வந்தே?”

“ஞாபகம் இருக்கு. இப்ப சொல்றதுக்கு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் அடுத்த ஆணியைப் பிடுங்கினார். மீதிப் படிகளையும் பிரித்தார்கள். மெஷின் தூசியோடு வெளியே வந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி வாசல் வரை கொண்டுபோனார்கள். வண்டிக்காரர் வந்து வாங்கிக்கொண்டார். நோரா திரும்பி வந்து, தரையில் கிடந்த ஆணிகளைக் காலில் குத்தாமல் இருக்க ஒரு தகர டப்பாவில் பொறுக்கிப் போட்டாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் கூடம் முழுப் பச்சையாக நின்றது.

ஓஸ்வால்டு கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் வாழ்நாளில் வேடிக்கை கலக்காமல் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“நோரா, நீ திரும்பி வருவியா, மாட்டியா?”

அவள் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டவர் சித்தம் என்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“மாட்டேங்க,” என்றாள். “வர மாட்டேன்.”