மனோர் பார்க் தோசைக்கல்லில் ஓடிய ஆறு

லண்டன் மனோர் பார்க்கில் கனகாம்பிகை நடத்தும் தோசைக் கடையின் கல்லில், சென்ற ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொடங்கி, கனடாவின் வடகாட்டு ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீராக அல்ல, தோசை முறுகும் நிறமாக. மாவை ஊற்றி எண்ணெய் விட்டால் அடிப்பக்கத்தில் அது சிவந்து வரும்: வடக்கே ஓர் ஏரி, அதிலிருந்து நேரே தெற்கு நோக்கி இறங்கும் ஓட்டம், நடுவில் பாறைகளும் நுரையும், அதற்குக் கீழே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு கிளைகள், கரை நெடுகச் சதுப்பு. உளுந்தை மாற்றினார்கள், கல்லையே மாற்றினார்கள். ஆறு மாறவில்லை, மசாலாத் தோசையின் விலையும் மாறவில்லை.

அந்த ஆற்றை அளக்கப் போனவன்தான் அவருடைய மகன் யனுஷன். கனடாவில் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிவரப் போன சிறு விமானம் ஆளில்லாமல் திரும்பியதாக முதல் நாள்தான் போன் வந்திருந்தது. அந்தச் செவ்வாய் காலை முதல் தோசையிலேயே, ஆற்றங்கரையில் மிளகளவு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அடுத்த தோசையில் அது சற்றே நகர்ந்திருந்தது. "ஐயோ, இது என்ரை பிள்ளையெல்லோ!" என்று கனகாம்பிகை அலறிய அலறலில், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கடைக்குள் ஓடிவந்தது.

மகள் தனுஷியா தோசையைப் படம் பிடித்து, கனடாவில் தேடும் குழுவின் தலைவி ஏஞ்சலாவுக்கு அனுப்பினாள். வேறு வழி தெரியாமல் நின்ற அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புள்ளி வலக்கைக் கிளையில் இருந்தது. ஹெலிகாப்டர் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"அம்மா, அங்கை ஒருத்தரும் இல்லையாம்," என்றாள் தனுஷியா.

கல்லில் புள்ளி மெலிந்துகொண்டே வந்தது. மிளகாக இருந்தது கடுகாயிற்று. கனகாம்பிகை முருகனுக்கு நேர்ந்தார், முருகனை ஏசினார், மறுபடியும் மாவை ஊற்றினார். தட்டகப்பையால் தோசையைப் புரட்டிய நொடியில்தான் அவருக்கு விளங்கியது. எங்கள் சனத்துக்கு எந்தத் தோசையும் முறுகல் பக்கம் மேலே இருந்தால்தான் பார்க்கப் பிடிக்கும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்ததே!

"பிரட்டிப் போட்டெல்லோ படம் எடுத்தனாங்கள்! கல்லிலை கிடக்கேக்கை அது இடப்பக்கம். இடக்கைக் கிளையைப் பார்க்கச் சொல்லடி!"

இடக்கைக் கிளையின் சதுப்பில், விழுந்து கிடந்த மரமொன்றின் கீழ் யனுஷன் கிடந்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. ஆஸ்பத்திரியில் தேறி, ஐப்பசியில் லண்டனுக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் காலை கடையில் வந்து உட்கார்ந்தவனுக்குத் தாய் ஆசையாகத் தோசை ஊற்றினார். புரட்டியதும் தட்டகப்பையைக் கீழே போட்டார். புள்ளி அங்கேயே இருந்தது. பாறைகளுக்குப் பக்கத்தில், கரையோரமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

யனுஷன் எட்டிப் பார்த்தான். "அது நான்தான் அம்மா. பயப்பிடாதேங்கோ. நான் இன்னும் முழுக்க வந்து சேரேல்லை."

கனகாம்பிகை மேசையில் இருந்த மகனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு, பிள்ளைக்குச் சுடப்போகிறதே என்று அவசரமாக அடுப்பைக் குறைத்தார்.

அன்று முதல் அந்தக் கடையில் தோசை மெல்லிய நெருப்பில்தான் வேகிறது. நேரம் எடுக்கும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.